அப்பா கையெழுத்திட்ட விலக்குக் கடிதம்

பள்ளிகளில் கத்தோலிக்க வகுப்பை நீக்கிவிட்டு, எல்லா மதங்களையும் பற்றிய பொதுப் பாடத்தைக் கனடாவின் கியூபெக் மாநில அரசு கட்டாயமாக்கிய ஆண்டு அது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அதனால், தங்கைக்கு அந்தப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்டு பிரெஞ்சில் கடிதம் எழுதும் வேலை எனக்கு வந்தது. உடன்பாடில்லாமலே, பிழையில்லாமல் எழுதினேன். பள்ளி அதிபர் இரண்டே வரியில் மறுத்துவிட்டார்.

"கோட்டில வழக்கு நடக்குதாம். அது முடியும் மட்டும் அவள் அந்த வகுப்புக்குப் போகத் தேவையில்லை. இன்னொண்டு எழுது, பிள்ளை" என்றார் அப்பா.

"வழக்குப் போட்டது வேற ஆக்கள், அப்பா. இவளுக்கு முட்டைதான் விழும்."

"ஆண்டவரை மறக்கிறதிலும் பார்க்க முட்டை பரவாயில்லை."

அதிபர் மறுத்த பிறகும், அப்பாவின் சொற்படி, அந்தப் பாடம் நடக்கும்போதெல்லாம் தங்கை நூலகத்தில் தனியே உட்கார்ந்திருந்தாள். அன்று அப்பா எழுந்து போனதும் என்னிடம் வந்தாள்.

"அக்கா, அப்பாவுக்கு பிரெஞ்சு வாசிக்கத் தெரியாதுதானே. நான் வகுப்புக்கு வாறன் எண்டு எழுதிக் குடன்."

எழுதியிருக்கலாம். நான் நீட்டும் எந்தத் தாளிலும் என்ன இருக்கிறது என்று கேட்காமலே அப்பா கையெழுத்திடுவார். அந்த நம்பிக்கைதான் என் கையைக் கட்டிப்போட்டது. எரிச்சலோடு, அவர் சொன்னபடியே எழுதினேன்.

காலையில் தங்கை அதை முழுவதும் வாசித்தாள். பிறகு பையில் வைத்துக்கொண்டு, என்னோடு பேசாமல் பள்ளிக்கூடம் போனாள்.