நோட்டின் முதுகில் இரண்டு வரவு

கடன் கேட்டு வருகிறவர்களை எங்கள் குப்பத்தில் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். கடற்கரை மணலில் செருப்போடு நடக்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான். மணல் உள்ளே புகுந்து நறநறக்கும். பத்தடிக்கு ஒரு தரம் நின்று, ஒற்றைக் காலில் தள்ளாடி, செருப்பை உதறி மறுபடி மாட்டிக்கொள்வார்கள். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டால் கடனுக்கு மரியாதை போய்விடும் என்ற பயமோ என்னவோ.

அந்த மனிதரும் அப்படித்தான் வந்தார். அக்குளில் ஒரு தோல் பை. அவர் பேரைப் பிற்பாடு நானே ஒரு தாளில் வாசித்திருக்கிறேன் என்றாலும் எங்களுக்கு அவர் பைக்காரர்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்தது எங்கள் குப்பம். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

நைனா எங்களை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நைலான் வலை புதிதாக வந்த காலம் அது. நைலான் வலை உள்ளவனுக்குத்தான் மீன் என்று கரையெல்லாம் ஒரே பேச்சு. நைனாவும் செங்கல்பட்டில் ஒரு வலைக்கடை முதலாளிக்கு முந்நூறு ரூபாய்க்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்து ஒரு வலை வாங்கினார். ஆறே மாதம். ஐப்பசி நீரோட்டம் வலையை அடியோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. முதலாளி கரைக்கே வந்து நாலு பேர் முன்னால் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை, வடக்கே விசைப்படகில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர்தான் நைனா. கடிதமும் இல்லை, ஆள் மூலம் ஒரு சொல்லும் இல்லை.

"போனவன் போவட்டும். எனுக்குக் கூடை கீது, சந்தை கீது" என்பாள் அம்மா, கேட்கிறவர்களிடம். ஆனால் வடக்கேயிருந்து யாராவது வந்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்த வீட்டுக்குப் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்பாள். எங்கள் வீட்டுப் பானையில் தண்ணீர் இருக்கும்போதே ஏன் ஊரெல்லாம் போய்த் தண்ணீர் குடிக்கிறாள் என்று நான் யோசித்ததுண்டு.

பைக்காரர் வந்தபோது அம்மா வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, வலைக்கடன் நானூத்தி இருவது ரூபா நிக்கிது, வட்டியோட. பழைய மொதலாளி செத்துட்டாரு. இனிமே என்னாண்டதான் கட்டணும்" என்றார்.

அம்மா நிமிரவில்லை. "உன்னாண்ட நாங்க எப்போய்யா வாங்கினோம்?"

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. போன வருஷம்தான் ஒருவன் வலைக்கடைக் கணக்குப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டு அத்தையிடம் அறுபது ரூபாய் வாங்கி, ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ கிறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். கடையில் போய் விசாரித்தால் அப்படி ஒரு கணக்குப்பிள்ளையே இல்லை. அத்தை அந்தச் சீட்டை இன்னமும் வைத்திருந்தாள், திட்டும்போது கையில் ஏதாவது இருக்கவேண்டும் என்பதற்காக.

"மொதல்ல நோட்டக் காட்டு" என்றாள் அம்மா.

"நோட்டு பத்திரமா பொட்டில கீது. அத்த எல்லாம் ஊர் ஊரா தூக்கினு சுத்துவாங்களா?"

"டப்பு மட்டும் ஊர் ஊரா தூக்கினு சுத்துவியா? நோட்டு வராம நயா பைசா வராது."

"கோர்ட்டுக்குப் போவேன். இந்தக் கூடைய ஜப்தி பண்ணுவேன், தெரியுமா?"

"பண்ணிக்கோ. கவுச்சிக் கூடையோட பஸ்ல உன்ன ஏத்தறானான்னு பாப்போம்."

சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த அத்தை சிரித்த சிரிப்பில் கட்டுமரத்துப் பக்கம் இருந்தவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பைக்காரர் செருப்பை உதறிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

அம்மா அதோடு விடவில்லை. மறுநாள் திருக்கழுக்குன்றம் சந்தையில் மீனை விற்று முடித்ததும் கூடையை அங்கேயே ஒருத்தியிடம் விட்டுவிட்டு, கைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினாள். வலைக்கடையில் பழைய முதலாளியின் மகன் இருந்தார். சாதுவான மனிதர். ஆமாம், அப்பா போன பிறகு நாலைந்து பேருடைய நோட்டுகளைப் பைக்காரருக்கு மேடோவர் செய்துவிட்டேன் என்றார். நோட்டின் முதுகில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதற்கு அதுதான் பேர். இனி அவரிடமே கட்டலாம், ஆனால் கட்டுகிற ஒவ்வொரு தடவையும் நோட்டின் முதுகிலேயே வரவு எழுதச் சொல்லுங்கள் என்றும் சொல்லி, எனக்கு ஒரு கலர் சோடா வாங்கித் தந்தார்.

அடுத்த வாரம் பைக்காரர் நோட்டோடு வந்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படிக்கவேண்டும். அவர் தாளைக் கையை விட்டுக் கொடுக்க மாட்டேன் என்றார். ஆக, ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு, ஸ்கூலில் பாடம் ஒப்பிக்கிற ராகத்தில் வாசித்தேன். முந்நூறு ரூபாய். ரெவின்யூ ஸ்டாம்பு. ஸ்டாம்பின் மேல் நைனாவின் கையெழுத்து. கடைசி எழுத்து ஸ்டாம்பில் இடம் போதாமல் வெளியே வந்து நின்றது. அம்மா அந்த ஓர் எழுத்தை மட்டும் விரல்நுனியால் தொட்டாள்.

"திருப்பு" என்றாள்.

பின்பக்கம், மேடோவர் எழுத்துக்கு மேலே, பழைய முதலாளியின் கோழிக் கிறுக்கலில் இரண்டு வரி. மணியார்டர் மூலம் வரவு ரூபாய் இருபத்தைந்து. அதன் கீழே மறுபடி, மணியார்டர் மூலம் வரவு ரூபாய் இருபத்தைந்து. முதலாவது நைனா போனதற்கு அடுத்து வந்த பங்குனி மாதத்துத் தேதி. இரண்டாவது போன ஐப்பசி.

"இன்னொரு தபா படி."

படித்தேன்.

"தேதிய மட்டும் படி."

படித்தேன். என் வாசிப்பை ஊருக்குக் காட்டத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினேன்.

அத்தைதான் முதலில் பாய்ந்தாள். "அடப்பாவி, அம்பது ரூபா வந்துகீது! அத்த முழுங்கிட்டா நானூத்தி இருவதுன்ன?"

பைக்காரர் இருமினார். வட்டியில் ஏதோ தப்பு நடந்திருக்கும் என்றார். மணலில் குச்சியால் எழுதி மறுபடி கணக்குப் போட்டார். கடன் முந்நூற்று நாற்பதுக்கு இறங்கியது. அத்தைக்கு அப்படி ஒரு சந்தோஷம். அம்மா மணலைப் பார்க்கவே இல்லை.

"மணியார்டர் எந்த ஊர்லேந்து வந்துது?" என்று கேட்டாள்.

அவருக்குத் தெரியவில்லை. அனுப்பியவர் விலாசம் மணியார்டரோடு கிழித்துத் தருகிற கூப்பனில் இருந்திருக்கும், பழைய முதலாளி கூப்பன்களையெல்லாம் போகிக்குக் கொளுத்திவிடுவார் என்றார். அம்மா நம்பாமல் மறுபடி செங்கல்பட்டுக்குப் போய்க் கேட்டாள். அது நிஜம்தான். இனி மணியார்டர் வந்தால் கூப்பனைப் பைக்காரரிடம் கொடுத்தனுப்புவதாக மகன் சொன்னார்.

அன்றைக்கு அம்மா பைக்காரரிடம் கொடுத்தது ஐந்தே ரூபாய். "வரவு எழுது. மாசா மாசம் வா. நோட்டோட வா. கூப்பன் வந்துச்சுன்னா அதயும் எடுத்துகினு வா."

அப்படி ஆரம்பித்ததுதான். மாதம் பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை பைக்காரர் வருவார். நைனாவின் இரண்டு வரிகளுக்குக் கீழே அம்மாவின் வரிகள் ஒவ்வொன்றாக ஏறின. ஒவ்வொரு தடவையும் நான் முதலிலிருந்து வாசிக்கவேண்டும். சும்மா சொல்லக்கூடாது, பைக்காரரும் ஜப்திப் பேச்சையெல்லாம் விட்டுவிட்டார். அம்மா கொடுக்கும் கருவாட்டுப் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்பதற்கு முன்னாலேயே, "கூப்பன் ஒண்ணியும் வரலம்மா" என்பார், தப்பு செய்தவர் மாதிரி.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "வரவு எழுதாம மூணு வருசம் ஆனா நோட்டு செத்துப்பூடும்டி. இவ இன்னாடான்னா அஞ்சு அஞ்சா குடுத்து அதுக்கு உசுரு குடுத்துகினு கீறா."

"கெடக்கட்டும், உசுரோட கெடக்கட்டும்" என்றாள் அம்மா.

சித்திரையில் அம்மாவுக்குச் சீட்டுப் பணம் விழுந்தது. கையில் முழுசாக முந்நூற்றைம்பது ரூபாய். கடனைக் கட்டிவிட்டு நிம்மதியாக இரு என்று சொல்லாதவர்கள் இல்லை. அம்மா கூரைக்குப் புது ஓலை போட்டாள், ஒரு அலுமினியக் குண்டான் வாங்கினாள், செவ்வாய்க்கிழமை வந்த பைக்காரருக்கு வழக்கம்போல ஐந்து ரூபாய் கொடுத்தாள். ஸ்கூலில் பெண்கள் என்னை அஞ்சு ரூவா வூடு என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். இவ்வளவு கஞ்சத்தனமா என்று எனக்கு அம்மா மேல் ஆத்திரமாக வந்தது.

இதெல்லாம் மாமாவின் காதுக்கும் எட்டியது. மாமா அம்மாவின் தம்பி. கல்பாக்கத்தில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் அவருக்கு வேலை, வாரம் தவறாத கூலி, டெரிலின் சட்டை. தங்கமான மனசு. அக்கா ஐந்து ஐந்தாகக் கட்டி அவமானப்படுகிறாள் என்று கேட்டதும் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லையாம். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், யாரிடமோ கைமாற்று வாங்கி, திருக்கழுக்குன்றத்தில் பைக்காரர் வீட்டுக்கே போய்விட்டார். அக்காவுக்குத் தம்பியாயிற்றே, விஷயம் தெரிந்தவர். நோட்டை வாங்கி வரவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, வட்டியில் நாற்பது ரூபாய் பேசிக் குறைத்து, மிச்சத்தை எண்ணிக் கொடுத்து, கடன் தீர்ந்தால் செய்கிற வழக்கப்படி ஸ்டாம்பின் குறுக்கே நோட்டைக் கிழிக்கச் சொல்லிக் கையோடு வாங்கிக்கொண்டார். வரும்போது அரைக்கிலோ ஜாங்கிரி.

"அக்கா, கடன் தீந்துச்சு! இனிமே எவனும் உன் வாசல்ல வந்து நிக்க மாட்டான்."

அம்மா கிழிந்த இரண்டு துண்டுகளையும் தரையில் வைத்து ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தாள். நைனாவின் கையெழுத்து பாதி இங்கும் பாதி அங்குமாக இருந்தது.

"ஏன்டா கிழிச்ச?"

"கிழிக்கலன்னா நாளைக்கு இன்னொருத்தன் எடுத்துகினு வருவான். உனுக்குத் தெரியாததாக்கா?"

மாமா சொன்னதில் தப்பே இல்லை. அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு ஜாங்கிரியை எடுத்துக் கடித்து, "நல்லா கீதுடா" என்றாள். நான் நாலு தின்றேன்.

மூன்று மாதம் கழித்து, லீவு நாளில் அம்மாவோடு சந்தையில் உட்கார்ந்திருந்தேன். பைக்காரர் மீன் வாங்க வந்தார். வாளைக்கு விலை பேசிவிட்டு, ஞாபகம் வந்தவராகச் சொன்னார்: "போன மாசம் வலைக்கடைக்கு மணியார்டர் வந்துதாம்மா. முப்பது ரூபா. கடன்தான் தீந்துபோச்சே, அடுத்தவன் காசு நமக்கெதுக்குன்னு மொதலாளி மவன் தபால்காரர் கையிலியே திருப்பி வுட்டுட்டாராம். எப்பேர்ப்பட்ட மனுசன் பாரு."

"எந்த ஊரு?"

"மணியார்டர் பாரத்த கையில வாங்கினாதானம்மா பாக்கறதுக்கு?"

அம்மா மீனை நறுக்கிக் கொடுத்தாள். அவர் நீட்டிய காசு வெகுநேரம் நீட்டியபடியே இருந்தது. கடைசியில் நான்தான் வாங்கி வைத்தேன்.

மறுநாள் தபாலாபீசில் போய்க் கேட்டுப் பார்த்தாளாம். அனுப்பினவர் விவரத்தைக் கண்டவர்களுக்குச் சொல்ல முடியாது என்றார்களாம். நான் அவர் பெண்ஜாதி என்றாளாம். அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்களாம். இதையும், கடனே இல்லையென்றால் இனி மணியார்டர் எதற்கு வரப்போகிறது என்றும் அவள் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தது பாதிதான் என் காதில் விழுந்தது. என் மனசு வேறு கணக்கில் இருந்தது. திரும்பிப் போன முப்பது ரூபாய் யார் கைக்குப் போகும்? நைனா கைக்குத்தானே? கடன் தீர்ந்துவிட்டது என்பதும் அதோடு அவருக்குத் தெரிந்துவிடும். இனி அவருக்கு என்ன வெட்கம்? கையில் பஸ்ஸுக்குக் காசும் இருக்கிறது.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஆமா, இருக்கும்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க, சாயங்கால பஸ் ரோட்டில் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் ஓடினேன். கடைசி ஆள் இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டு வருவேன். போகும்போது ஒவ்வொரு நாளும் அம்மாவையும் கூப்பிட்டேன். நைனா வரப்போகிற நேரத்தில் அவள் ஏன் எழுந்து வர மாட்டேன் என்கிறாள் என்றுதான் எனக்குப் புரியவே இல்லை.