அடுத்த அப்ரைசலுக்குப் பிறகு

எங்கள் வீட்டில் எல்லா நல்ல காரியங்களும் அடுத்த அப்ரைசலில் சம்பளம் ஏறிய பிறகுதான். புது மெத்தை, ஏசி, டார்ஜிலிங், பிள்ளை. இதுவரை மெத்தை மட்டும் வந்திருக்கிறது. அதுவும் பழைய மெத்தை என் முதுகை ஒருவழியாக்கிய பிறகு.

இதை நான் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். ஆசையைக் கிண்டலாகச் சொல்லிவிட்டால் வலிக்காது என்று என் வயதுக்காரர்களுக்கு ஒரு நினைப்பு. படித்து முடித்ததும் கையில் வேலைக்கான ஆர்டரைக் கொடுத்துவிட்டு, மார்க்கெட் சரியில்லை என்று எங்களை வீட்டிலேயே உட்காரவைத்தார்கள். பிறகு சம்பளம் ஏறியபோதெல்லாம் வாடகை அதற்கு முன்பே ஏறிப்போய் உட்கார்ந்திருந்தது. கல்யாணமான முதல் வருஷமே, ஒரு வீடியோ காலில், என் கணவனுக்கு வேலை போனது. எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டுச் சமையலறையில், காபிக்கு எவ்வளவு, தயிருக்கு எவ்வளவு என்று யோசித்தபடி பால் பாக்கெட்டும் கையுமாக அவன் நின்ற நிற்பு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. வேறு வேலை கிடைத்து எவ்வளவோ நாளாகிவிட்டது. ஆனாலும் இந்த மனிதனிடம் இனிப் பெரிதாக எதையும் கேட்கக் கூடாது என்று அன்று முடிவு செய்தது அப்படியே நின்றுவிட்டது.

போன மாதம் பாலிகஞ்சில் என் ஆபீஸ் தோழிக்கு வளைகாப்பு. அவள் அம்மா விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு, பிரசவத்துக்கே வந்துவிடுகிறேன் என்று ஊரிலேயே நின்றுவிட்டார். அதனால் லேக் மார்க்கெட்டில் மெஸ் நடத்தும் மதுரைக்கார அக்காதான் அன்று எல்லாம். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கி, மனை போட்டு, சந்தனம் கரைத்து, கண்ணாடி வளையல்களைத் தாம்பாளத்தில் பரப்பிவிட்டு அவர் குலவையிட்டார். எதிர்வீட்டு வங்காளிப் பெண்மணி அதைத் தங்கள் ஊர் உலு என்றே எடுத்துக்கொண்டு கூடவே சேர்ந்துகொண்டார். வீடு அதிர்ந்தது.

வளையல் அடுக்கி முடிந்ததும் கர்ப்பிணியை எழுப்பிவிட்டு, பிள்ளை இல்லாத ஒருத்தியை அதே மனையில் உட்காரவைத்து வளையல் போடுவது எங்களில் வழக்கம். அக்கா கூட்டத்தில் கண்ணை ஓட்டினார். பார்வை என்மேல் வந்து நின்றது.

"வா தாயி, நீ உக்காரு. ஆஸ்பத்திரிக்கெல்லாம் போய்ப் பாத்தீகளா?"

எல்லோர் முகத்திலும் ஒரே இரக்கம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"உடம்புல ஒண்ணும் இல்லக்கா. வெலவாசியிலதான் கோளாறு" என்றேன்.

சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பதில் காதில் விழாதவர்போல என்னைத் தோளில் அழுத்தி உட்காரவைத்து, இரண்டு கன்னத்திலும் சந்தனம் தடவினார். அது சில்லென்று இருந்தது. வளையல் ஏறும்போதுதான் எனக்கே தெரிந்தது. இவர்கள் நினைப்பதுபோல எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று இத்தனை நேரம் வீம்பாக இருந்தேனே, குறை இருந்தது. எனக்குக் குழந்தை வேண்டும். எப்போதிலிருந்து என்றுகூடத் தெரியவில்லை, அவ்வளவு காலமாக வேண்டியிருந்தது.

திரும்பும்போது ஆட்டோ வேண்டாம் என்று, சாப்பாட்டுக்கு வந்திருந்த அவனும் நானும் லேக் ஓரமாக நடந்தோம். சாயங்காலம். பெஞ்சுகளில் ஜோடிகள் இடம் பிடித்திருந்தார்கள். அவன் புளிசாதத்தைப் புகழ்ந்துகொண்டே வந்தான். நான் நின்றுவிட்டேன்.

"எனக்குக் குழந்தை வேணும்."

அவனும் நின்றான். ஏதோ கெட்ட செய்தி கேட்டதுபோல முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பயமாகிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்கு ரொம்ப நாளா ஆசை" என்றான். "நீதான் ஒவ்வொரு தடவையும் அப்ரைசல் ஜோக் சொல்லிச் சிரிச்சே. உனக்கு வேண்டாம் போலன்னு விட்டுட்டேன்."

"நீ மறுபடி அந்தப் பால் பாக்கெட்டோட நிப்பியோன்னு நான் கேக்கல."

ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, ஒரே வீட்டில் ஒரே ஆசையை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு அழுகைதான் வந்தது. போன வருஷங்கள் போனவைதானே.

அவன் வாய் தானாக ஆரம்பித்தது. "சரி, டெலிவரிக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு தரும்னு பாக்கணும். ஸ்கூல் ஃபீஸ் மட்டும்..."

அவன் வாயைப் பொத்தினேன். "நாளைக்குப் பாக்கலாம். இன்னிக்கு ஆசை மட்டும் படேன்."

என்ன செய்வதென்று தெரியாதவன்போல விழித்தான். பழக்கமில்லை அல்லவா, இரண்டு பேருக்குமே. பிறகு என் கையை மெல்ல விலக்கிவிட்டு, யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதுபோலச் சின்னக் குரலில் சொன்னான்:

"பொண்ணா இருந்தா நல்லாருக்கும்ல?"