கயிறு போட்டு அளந்த புல் மிஷின்

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகிக் காஞ்சிபுரத்துக்கு வந்த புதிதில், கணவரை விட அவர் வீட்டுப் பின்புறம்தான் எனக்கு முதலில் பிடித்துப்போனது. பட்டு நெசவு வீடு. தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டுவதற்காக விட்டிருந்த நீளமான இடம், முழுக்கப் புல். பள்ளிக்கூடத்தில் ரிங்கு என்கிற வளையப்பந்து ஆடிக் கோப்பை வாங்கியவள் நான், சும்மா இருப்பேனா? நாத்தனாரைச் சேர்த்துக்கொண்டு மறுவாரமே வலை கட்டிவிட்டேன்.

மழை பெய்தது. புல் முழங்காலுக்கு வளர்ந்தது. ஒருநாள் பாம்பும் வந்தது. விடியற்காலையில் வெறுங்காலோடு பாவு விரிக்கும் மாமனார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"இன்னாத்துக்கு வம்பு? தை பொறந்ததும் சிமெண்டு போட்டுடறேன்."

சிமெண்டில் விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். ஆட்டத்துக்கே முழுக்குத்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கரண்டில் ஓடும் புல் வெட்டும் மிஷின் மெட்ராஸில் கிடைக்கிறது என்று கணவர் சொன்னதும், முதல் பஸ்ஸில் அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடையில் இரண்டு மிஷின்கள் இருந்தன. பெரியது பளபளவென்று சிவப்பு. சின்னது மங்கலான பச்சை. பட்டுக்காரப் புத்தி போகுமா? கணவர் சிவப்பை வாசலுக்குத் தூக்கிப் போய் வெயிலில் கலர் பார்த்தார்.

"நல்ல அரக்கும்மா! இத்தயே எடுத்துக்கலாம்."

"முகூர்த்தப் புடவையா எடுக்க வந்துக்கிறோம்?" என்றேன்.

என் பையில் கயிறு இருந்தது. வீட்டு ஜன்னலோரப் பிளக்கிலிருந்து கடைசி முருங்கை மரம் வரை அளந்து வெட்டியது. கடைச் சுவரிலிருந்து அதை நீட்டினேன். அது வாசலைத் தாண்டி நடைபாதைக்குப் போனது. "யாராவது தடுக்கி விழப்போறாங்கம்மா!" என்று கடைக்காரர் பதறினார். சிவப்பின் ஒயர் வாசற்படியோடு நின்றுவிட்டது. பச்சையின் ஒயர் கயிற்றைத் தாண்டி இன்னும் ஒரு முழம் போனது. நடைபாதையிலேயே குதித்தேன். கணவர் முகம்தான் தொங்கிப்போனது.

மறுநாள் நாத்தனாரும் நானும் மேல்புல்லை அரிவாளால் அறுத்துப் போட்டோம். காலைக் குத்தும் அடிக்கட்டைதான் மிஷினுக்கு. சிமெண்டுத் தளத்துக்கு அளவெடுக்க வந்த கொத்தனாரும் மாமனாரும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவிட்சைப் போட்டதும் மிஷின் 'விர்'ரென்று கத்தியது. தெருவே மதில் மேல் ஏறிவிட்டது. நடுவழியில் நின்று தொலைத்தால் மானம் போகும். நிற்கவில்லை. முருங்கை மரத்தடி வரை போய்த் திரும்பினேன்.

மாமனார் செருப்பைக் கழற்றினார். பாவு விரிக்கும்போது நடப்பது மாதிரியே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாக நடந்தார். திரும்பி வந்து கொத்தனாரிடம் சொன்னார்:

"சிமெண்ட்ட குளிக்கிற ரூமுக்குப் போட்டுடுபா. இங்க நாங்க ரிங்கு ஆடுறோம்."