படத்தின் இடது மேல் மூலை

இப்போதும் எந்தக் குரூப் போட்டோ எடுத்தாலும் திரையில் நான் முதலில் பார்ப்பது இடது மேல் மூலையைத்தான். மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தால்கூட அப்புறம்தான் கவனிக்கிறேன்.

பல வருடம் சின்ன சென்சார் கேமராவில் கல்யாணம் எடுத்துக்கொண்டிருந்தவன், படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ள ஃபுல் ஃப்ரேமுக்கு மாறினேன். கையிருப்பெல்லாம் கேமராவுக்கே போய்விட்டது. லென்ஸ் பழசுதான். இரண்டு கேமராவுக்கும் லென்ஸ் மாட்டும் மவுண்ட் ஒன்றே என்பதால், ராஜபாளையத்தில் என் ஸ்டுடியோ மேசையில் வைத்து மாட்டியதும் டக்கென்று உட்கார்ந்தது. இதற்குமேல் என்ன பொருத்தம் வேண்டும் என்று நினைத்தேன். புத்தி கெட்டவன்.

அது சின்ன சென்சாருக்கென்று செய்த லென்ஸ். அதன் வழியே வரும் வெளிச்ச வட்டம் பெரிய சென்சாரின் மூலைகளை எட்டாது. கேமராவுக்கு அது தெரியும். ஓரங்களைத் தானே விட்டுவிட்டு நடுவை மட்டும் எடுக்கும். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பெரிய படத்துக்காகத்தானே இவ்வளவு காசு அழுதேன், வெட்டுவதற்கு இது யார்? செட்டிங்கில் போய் அந்த வசதியை அணைத்துவிட்டேன். அடுத்த கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில்.

தாலி கட்டி முடிந்து குரூப் போட்டோ. பெண்ணின் அம்மா சோழபுரத்துக்காரர், புருஷன் இறந்து பல வருடமானவர். மேடையேறி மகளுக்குப் பின்னால் வந்து, அவள் தோளில் கைவைத்து நின்றார். சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் தொழிலில், வாய்விட்டுச் சொல்லாத ஒரு பழக்கம் உண்டு. அப்படிப்பட்ட பெண்கள் ஜோடிக்குப் பக்கத்தில் நின்றால் உறவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆகவே யாரும் சொல்லும் முன்னே நாங்களே ஏதாவது சாக்கு வைத்து அவர்களை நகர்த்திவிடுவோம். "அம்மா, நீங்க செத்த ஓரமாப் போங்க, மறைக்குது" என்றேன். அவர் யாரையும் மறைக்கவில்லை. "சரிய்யா, இந்தா போறேன்" என்றார். பின்வரிசைக்காரர்கள் பெஞ்சில் ஏறி நின்றிருந்தார்கள். அந்தப் பெஞ்சின் இடது கோடியில் ஏறிக்கொண்டார்.

எல்லாரும் அடங்க வேண்டுமே என்று லென்ஸை முழு அகலத்துக்கு வைத்தேன். திரையில் மூலைகள் இருண்டுதான் தெரிந்தன. மண்டப விளக்கு அப்படி என்று விட்டுவிட்டேன். கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். நாலு மூலையும் கரி. கறுப்பை வெட்டிவிட்டு ஆல்பத்தில் சேர்த்தேன். வெட்டியதில் அந்த அம்மாவும் போனார். ஒருவரும் கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறு வருடம் ஒரு மத்தியானம் அந்தக் கல்யாணப் பெண் ஸ்டுடியோவுக்கு வந்தாள். "அண்ணே, எங்கம்மா தவறிட்டாவ. மாலை போட ஒரு படம் இல்ல. ஆதார்ல இருக்கது அம்மா மாதிரியே இல்ல. கல்யாணத்துல சிரிச்சுக்கிட்டு நின்னாவ, அதுல இருந்து எடுத்துக் குடுங்க."

வெட்டாத படத்தைத் திறந்தேன். அவர் நின்ற படம் அது ஒன்றுதான். வெளிச்சத்தை ஏற்ற ஏற்ற கறுப்பு சாம்பலானது. சாம்பலில் சேலைக்கரை வந்தது, கோத்துப் பிடித்த கைகள் வந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். ஒருமுறை கண் மாதிரித் தெரிந்து, மறுபடி புள்ளியாகிவிட்டது. "இன்னும் கொஞ்சம் ஏத்துங்கண்ணே" என்றாள். ஏற்றினேன். ஒன்றும் வரவில்லை.

"லென்ஸ் பொருந்தலம்மா. ஓரத்துல வெளிச்சம் விழல" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். மேடைக்குக் கீழே இருந்து யாரோ உறவுக்காரர் எடுத்த வீடியோ. மாப்பிள்ளை முகம் மட்டும்தான் பெரிதாகத் தெரிந்தது. "இதுல அம்மா சத்தம் மட்டும் இருக்கு. அவுக பேசுனது எங்கிட்ட இம்புட்டுத்தான். தெனமும் போட்டுக் கேப்பேன்" என்று அழுத்தினாள்.

முதலில் என் குரல் வந்தது. அம்மா, நீங்க செத்த ஓரமாப் போங்க, மறைக்குது. பிறகு அவர் குரல். சரிய்யா, இந்தா போறேன்.

அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். "என் சத்தத்த மட்டும் வெட்டி எடுத்துரட்டுமாம்மா?"

"வேண்டாம்ணே" என்றாள். "அதையும் வெட்டிட்டா, அம்மா யாருக்குப் பதில் சொல்றாவன்னு தெரியாமப் போயிரும்."