கோட்டுத் துணி போட்ட குடை

ரங்கூனில் குடைக்கடை வைத்திருந்தவர் நூருல் அமீன். 1964-ல் அந்த நாட்டு சர்க்கார் கடையை எடுத்துக்கொண்டதும், கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தார். கையில் ஒரு தகரப்பெட்டி, உடம்பில் ஒரு கறுப்புக் கோட்டு. கோட்டை ஆணியில் மாட்டினார், பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

பாடெல்லாம் மனைவி ருக்கையாவுக்கு. கடலூர் முதுநகரில் விடிகாலையில் இடியாப்பம் அவித்து விற்றுக் காலத்தை ஓட்டினாள். அரிசி கிடைக்காத காலம் அது. கிடைக்காத அன்றைக்குக் கேழ்வரகுப் புட்டு. அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. புருஷன் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக்கூடப் போகாமல் கிடந்ததுதான் நெஞ்சை அறுத்தது.

"பள்ளிவாசல்ல எல்லாரும் கடை என்னாச்சுன்னு கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்றது?" என்பார்.

"போயிடுச்சுன்னு சொல்லுங்க மச்சான். திருடிட்டா வந்தீங்க?"

அவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஐந்து வேளைத் தொழுகையிலும் அவள் கேட்டது ஒன்றுதான்: யா அல்லா, இந்த மனுஷனை எழுப்பி உட்கார வை.

மறுவருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏழாம் நாள் கூரை ஒழுகி, நேராக அவர் மூக்கின்மேல் சொட்டியது. பதறி எழுந்து உட்கார்ந்தார். ருக்கையாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கேட்டதக் குடுத்துட்டியே ரப்பே! கொஞ்சம் பாத்துக் குடுத்திருக்கலாம்" என்றாள். அவர் முறைத்தார்.

அந்நேரம் பார்த்து விருத்தாம்பாள் வந்தாள். அண்ணாகிராமத்துக்காரி, கத்திரிக்காய்க் கூடையோடு வீடு வீடாகப் போகிறவள். தலையிலிருந்து கால்வரை தொப்பல். கையில் இருந்த குடை, கம்பி முறிந்து துணி கிழிந்து தொங்கியது.

"இதத் தூக்கிப் போட்டுட்டுப் போறேம்மா. காத்து அடிச்ச அடியில எலும்பு ஒண்ணு மிச்சமில்ல" என்று வாசலில் எறிந்தாள்.

அமீன் எட்டிப் பார்த்தார். எழுந்து வந்து குடையை எடுத்தார். விரலால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். "ரெண்டு கம்பிதான் போயிருக்கு. இதப் போயி எறியறியேம்மா" என்று கடிந்துகொண்டார்.

கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தார். துணிமணி என்று ருக்கையா நினைத்திருந்த பெட்டிக்குள் குறடு, ஊசி, மெழுகு நூல், கத்தை கத்தையாகக் குடைக்கம்பி. கம்பி இருந்தது, ஒட்டுப்போடத் துணி இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். ஆணியிலிருந்து கோட்டை எடுத்தார்.

"மச்சான், அது கடையில போட்ட கோட்டு!"

"கடைதான் இல்லியே" என்றவர், கைப்பகுதியைக் கத்தரியால் நறுக்கினார். ருக்கையாவுக்கு அழுகையும் வந்தது, நெஞ்சு லேசானது போலவும் இருந்தது.

குடையை விரித்துப் பார்த்த விருத்தாம்பாள், "கோட்டுப் போட்ட குடை எந்தக் கலெக்டர்கிட்டயும் இருக்காது பாய்!" என்று சிரித்தாள். காசுக்குப் பதில் கூடையில் பாதியைக் கொட்டிவிட்டுப் போனவள், போன தெருவிலெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் வாசலில் பதினோரு குடைகள். கோட்டின் இன்னொரு கையும் போயிற்று. வெள்ளிக்கிழமை, தானே ஒட்டுப்போட்ட ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு அமீன் ஜும்மாவுக்குப் போனார். கடையைப் பற்றி இரண்டு பேர் கேட்டார்களாம். மற்றவர்கள் வீட்டுக் குடையைக் கொண்டு வரட்டுமா என்று கேட்டார்களாம்.

மழை ஓய்ந்ததும் வேலையும் ஓய்ந்தது. "மார்கழித் தரிசனத்துக்கு ஜனம் அம்மும், பனிக்கும் வெயிலுக்கும் குடையோடதான் வரும், சிதம்பரம் போங்க" என்று விருத்தாம்பாள்தான் வழி சொன்னாள். அங்கே கீழவீதியில் பூக்கடை வைத்திருந்த அவள் அண்ணன் சபாபதி, கடையோரம் ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தார். பிறகு பல வருஷம் அவர்களுக்குச் சோறு போட்ட மூலை அது.

அமீன் அங்கே போன மூன்றாம் நாள், தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு ருக்கையா ரயிலேறிப் போனாள். கூட்டத்தில் அவரைத் தேடிக்கொண்டிருந்தபோது சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெரியவரின் குடையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "ஐயா, இது குடையா, வௌவாலா?" என்று அமீன் கேட்டுக்கொண்டிருந்தார். சபாபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ருக்கையா கூப்பிடாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அவரே பார்த்துவிட்டார்.

"அங்க என்னா நிக்கிற? சோத்த எடு புள்ள, பசி உயிரு போவுது."

பசிக்கிறது என்று அவர் வாய்விட்டுச் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே அவள் மூடியைத் திறந்தாள்.