பட்ராஸில் தனியாக ஒரு மத்தியானம்

2006 மார்ச் மாதம், ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, கிரேக்க நாட்டின் பட்ராஸ் துறைமுகத்தில் எங்கள் சரக்குக் கப்பல் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் அதில் எலெக்ட்ரீஷியன். மனைவியை மூன்று மாதத்துக்குக் கூடவே அழைத்துப்போகலாம் என்று கம்பெனி சொன்னதால் மரக்காணத்திலிருந்து நானும் வந்திருந்தேன். பதினெட்டு நாளாக இரும்புச் சுவரையே பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. நாங்கள் இறங்குகிற நேரம் பார்த்துக் கிரேன் மோட்டார் படுத்துக்கொண்டது. அவரால் வர முடியாது.

"நான் தனியா போய்ட்டு வர்றேங்க" என்றேன்.

"விளையாடறியா ஷமீம்? பாஷை தெரியாது. ஏழு மணிக்குத் துறைமுக கேட்டை மூடிடுவான். எட்டுக்குக் கப்பல் கிளம்பிடும்."

"ஆறரைக்கெல்லாம் கேட்ல நிக்கிறேன். வரலைன்னா இனிமே கேபினை விட்டு நகர மாட்டேன். வந்துட்டா எல்லா ஊர்லயும் தனியா போவேன். சரியா?"

தலையைச் சொறிந்தார். "சரி. கேட்டு ஊருக்கு வடக்கால இருக்குது. மறந்துடாத."

இரண்டே முக்காலுக்கு மாலுமிகள் வேனில் ஏறினேன். மூன்றே காலுக்கு டிரைவர் மேட்டிலிருக்கிற பழைய கோட்டை வாசலில் இறக்கிவிட்டான். கோட்டையைப் பூட்டிவிட்டிருந்தார்கள். போகட்டும், கல்லைத்தானே காட்டப் போகிறார்கள்! பெரிய படிக்கட்டு வழியாக ஊருக்குள் இறங்கினேன். நூற்றுத் தொண்ணூறு வரை எண்ணினேன், அப்புறம் மூச்சு வாங்கி விட்டுவிட்டேன்.

கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. மத்தியானம் தூங்கிவிட்டுச் சாயங்காலம்தான் திறப்பார்களாம். கொடுத்துவைத்தவர்கள். நடைபாதைக்கு மேலேயே மாடிக் கட்டடம் நீண்டு நிழல் கொடுக்கிறது. கறுப்பு முக்காடு போட்ட கிழவிகள் என் முக்காட்டைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திறந்திருந்த ஒரு காப்பிக் கடையில் நுரை பொங்கும் குளிர்ந்த காப்பி குடித்தேன். இரண்டரை யூரோ, நம் பணத்தில் நூற்று முப்பது ரூபாய்! காப்பி கொண்டுவந்த பெண், தனியாகவா வந்தீர்கள் என்று அரைகுறை இங்கிலீஷில் கேட்டாள். ஆமாம் என்று சொல்லும்போது எனக்கே ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

ஐந்தரைக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டேன். எங்கள் ஊரில் திசை தெரிய யாரும் யோசிப்பதில்லை. கடல் இருக்கிற பக்கம் கிழக்கு. கடலைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் வடக்கு. இடது பக்கம் திரும்பி, வேடிக்கை பார்த்துக்கொண்டே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன்.

ஆறு பத்து. ஒரு கலங்கரை விளக்கத்தின் அருகே சனங்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நானும் பார்த்தேன். சூரியன் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. யா அல்லாஹ்! கடலிலிருந்து சூரியன் எழும்பித்தான் எனக்குத் தெரியும். கடலுக்குள் இறங்கி என் ஆயுசில் பார்த்ததில்லை. அத்தனை அழகு, வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. சூரியன் அங்கே மறைந்தால் அது மேற்கு. அப்படியானால் நான் இவ்வளவு நேரம் தெற்கே அல்லவா நடந்திருக்கிறேன்!

ஒரு பெட்டிக்கடைக்காரரிடம், துறைமுகத்தில் கொடுத்திருந்த அனுமதிச் சீட்டைக் காட்டி, இந்தப் பக்கமா என்று கை நீட்டினேன். இல்லை என்பதற்கு நாம் செய்கிற மாதிரியே 'ச்சு' கொட்டி, வந்த வழியையே காட்டினார். டாக்ஸிகள் நின்றிருந்தன. டாக்ஸியில் போய் இறங்கினால் வீட்டுக்காரரிடம் எந்த முகத்தோடு பேசுவது? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். நடை என்ன, பாதி ஓட்டம்தான்.

கேட்டை அடைந்தபோது ஆறு ஐம்பது. கிரீஸ் மசகு படிந்த கையோடு அவர் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஆறரைன்னு சொன்னியே?"

கடையில் நேரமாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "தொலைஞ்சு போயிட்டேங்க. தப்பான பக்கம் போயிட்டேன்."

"அப்புறம் யாரு கூட்டிட்டு வந்தா?"

"வழி கேட்டேன். நானேதான் நடந்து வந்தேன்."

என்னையும் என் வெறுங்காலையும் பார்த்தார். போச்சு, இனி கேபின்தான் என்று நினைத்தேன்.

"தொலையாம வந்திருந்தா, அடுத்த ஊர்லயும் நான் பயந்துக்கிட்டுதான் இருந்திருப்பேன்" என்றார். "தொலைஞ்சும் வந்துட்டியே. இனிமே போ."

எட்டு மணிக்குக் கப்பல் நகர்ந்தது. மேல்தளத்தில் நின்று ஊர் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் எரிந்தது, மனசு நிறைந்திருந்தது. மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி முப்பத்தைந்து கிலோமீட்டர். எங்கள் தெருமுனையிலேயே பஸ் நிற்கும். முப்பத்திரண்டு வயசு வரைக்கும் அதில் ஒருநாள்கூட நான் தனியாக ஏறியதில்லை.