பத்தாவது குழாய்

சிறப்புக் கல்வியில் எம்.எட். படித்தபோது, ஒரு மாணவரைச் சில மாதம் பழக்கி ரெக்கார்டு எழுதித் தர வேண்டியிருந்தது. விருதுநகரிலிருந்து பஸ் மாறித் தாயில்பட்டிக்குப் போவேன். எனக்கு வாய்த்த மாணவிக்கு வயது பதினெட்டு. மனவளர்ச்சி மூன்று வயதோடு நின்றுவிட்டது. வீட்டில் அம்மா மட்டும்தான், அவருக்குப் பட்டாசு ஆபீசில் வேலை. அங்கே தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். மகளை உள்ளே வைத்துப் பூட்டி, எனக்காகச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்.

அவளைப் பத்து நிமிஷம் ஓரிடத்தில் உட்காரவைப்பதுதான் முதல் இலக்கு. பயிற்சிக்கு உள்ளூரில் கிடைப்பதையே பயன்படுத்துங்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அம்மாவிடம் கேட்டேன், ஆபீசிலிருந்து ஒரு பை நிறைய மருந்து அடைக்காத வெற்றுக் காகிதக் குழாய்கள் வந்தன. குழாய்க்குள் நூலைச் செருக வேண்டும், பத்து முடித்தால் பரிசு. மிட்டாய்க்கு அவள் மசியவில்லை. பத்தாவது குழாயைத் தரையில் மூன்று முறை அவளையே ஓங்கித் தட்டவிட்டு நான் கைதட்டினால் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். அதையே பரிசாக்கினேன். மூன்றாம் மாதம் ஒரு மணி நேரம் அசையாமல் செருகினாள். பேராசிரியை வந்து பார்த்துப் பாராட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி இல்லை.

"ரெண்டு பேரும் ஆபீசுக்குப் போயிட்டாக டீச்சர். சீசன்ல ஆளு பத்தல. மகதான் இப்ப நல்லா திரி செருகுறாள்ல!"

அங்கே குழாய்க்குள் மருந்து இருக்கும், உரசினாலே பற்றிக்கொள்ளும் மருந்து. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கெஞ்சியதும் ஆள் அனுப்பினார். அம்மாவும் மகளும் கேட்டுக்கு வந்தார்கள். அவள் விரல்களில் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி மின்னியது. என்னைக் கண்டதும், வீட்டிலிருந்து இடுப்பில் செருகிவந்த பழைய குழாயை எடுத்துத் தூணில் மூன்று முறை தட்டினாள். கைதட்டலுக்காக என் முகத்தையே பார்த்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ளேயும் தட்டுகிறாளா?"

"காலைல ஒண்ணத் தட்டிப்புட்டா. நல்லவேள, மருந்து அடைக்காதது. நாந்தான் பக்கத்துல இருக்கேனே."

"இப்போதே வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்."

"கூட்டிப் போயி? மறுபடியும் பூட்டிப் போடவா? நீங்க படிப்ப முடிச்சுட்டுப் போயிருவீக. நீங்கதான சொல்லிக் குடுத்தீக, நீங்களே மறக்க வச்சுட்டுப் போங்க."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, மகளை இழுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். கேட் சாத்திக்கொண்டது.

ஒரு குழாய்க்கு அவளுக்கு எத்தனை நொடி ஆகும் என்று என் ரெக்கார்டில் நானே எழுதியிருந்தேன். கருவேல மரத்தடியில் நின்று, அந்தக் கணக்கில் உள்ளே அவள் முடிக்கும் குழாய்களை எண்ணத் தொடங்கினேன். ஒன்பது வந்ததும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டேன்.